மூன்று டயட்டும் ஒரு மளிகைப் பில்லும்

2021 தீபாவளிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மளிகைப் பில்களை எடுத்து மேசையில் பரப்பினேன். பண்டிகைச் செலவு கலக்காத ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் மாதப் பில்கள். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். செலவைப் பிரித்துத் தலைப்பு போடுவது கைப்பழக்கம். அரிசி, பருப்பு, எண்ணெய், மல்லி, மிளகாய் ஒரு பக்கம். பிஸ்கட், கார்ன்ஃப்ளேக்ஸ், மசாலா ஓட்ஸ், நூடுல்ஸ், கெட்சப், பாலில் கலக்கும் மால்ட் பவுடர், அட்டைப்பெட்டி ஜூஸ், சிப்ஸ், சூப் பொடி, ஃப்ரோசன் பரோட்டா இன்னொரு பக்கம். மொத்தம் 22,300 ரூபாயில் இரண்டாவது பக்கம் மட்டும் 8,140. பேக்கரியில் கைக்காசு கொடுத்து வாங்கித் தின்றது இதில் சேரவில்லை.

அந்த மூன்று மாதமும் நான் டயட்டில் இருந்தேன்.

பதினாறு மணி நேரம் பட்டினி, எட்டு மணி நேரத்துக்குள் சாப்பாடு என்கிற முறை. எப்போது சாப்பிட வேண்டும் என்று அது சொன்னது. எதைச் சாப்பிட வேண்டும் என்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. பகல் பன்னிரண்டுக்குப் பட்டினி முடிந்ததும் மேசை இழுப்பறையிலிருந்து கைக்கு வந்தது பிஸ்கட் பாக்கெட்தான். முதல் மாதம் 2 கிலோ இறங்கியது, மூன்றாம் மாதம் ஏறிவிட்டது. என் மன உறுதியில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து அழுத நாட்களும் உண்டு.

அதற்கு முன் இரண்டு டயட் பார்த்திருக்கிறேன். முதலாவது 2012-இல், நாத்தனார் கல்யாணத்துக்காக, ஏழு நாள் ஜிஎம் டயட். முதல் நாள் பழம் மட்டும், இரண்டாம் நாள் காய் மட்டும், நான்காம் நாள் வாழைப்பழமும் பாலும். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி தன் தொழிலாளிகளுக்காகத் தயாரித்தது என்று சொல்லி ஒரு ஜெராக்ஸ் தாள் ஆபீஸில் கைமாறிக்கொண்டிருந்தது. அந்தக் கதைக்கு ஆதாரம் கிடையாது. ஏழு நாளில் 3 கிலோ இறங்கியது, பட்டு ஜாக்கெட் சரியாக இருந்தது, மறுவீடு முடிந்த பதினைந்தாம் நாள் எடை பழைய இடத்துக்கே வந்து நின்றது. காரணம் பிறகுதான் புரிந்தது. கல்லீரலும் தசையும் மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாகச் சேமித்து வைக்கின்றன, ஏறத்தாழ அரைக் கிலோ. அதில் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றை நிறுத்திய சில நாட்களில் அந்த இருப்பு கரையும், தண்ணீரும் கூடவே போகும். திரும்பச் சோறு சாப்பிட்டதும் நிரம்பிக்கொள்ளும். எந்த டயட்டாக இருந்தாலும் முதல் வாரம் இறங்கும் எடையை நான் இப்போது கணக்கில் எடுப்பதில்லை.

இரண்டாவது பேலியோ, சோறு போன்ற மாவுச்சத்தை விட்டுவிட்டுக் கொட்டை, முட்டை, கறி, காய் என்று சாப்பிடும் முறை. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது பலன் கொடுத்தது.

2015, 16-இல் தமிழ்நாட்டில் பேலியோ பெரிய அலையாக அடித்தது. முகநூலைத் திறந்தால் யாராவது ஒருவர் பழைய பேன்ட்டின் இடுப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம் இருக்கும். எங்கள் கம்பெனியில் மட்டும் ஏழு பேர் ஒன்றாக ஆரம்பித்தோம். காலையில் 100 பாதாம், முந்தின நாளே ஊறவைத்துக் காயவைத்து நெய்யில் வறுத்தது. மதியம் காலிஃபிளவரைத் துருவி வதக்கி அதைச் சோறாக நினைத்துக்கொண்டு சாப்பிடுவது, கூட முட்டை. சாயங்காலம் வெண்ணெய் டீ. இரவு பனீர் அல்லது கறி. ஐந்து மாதத்தில் 74 கிலோவிலிருந்து 63-க்கு வந்தேன். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 6.1-லிருந்து 5.5 ஆனது. மதியம் மூன்று மணிக்குக் கண்ணைச் சொருகும் தூக்கம் போனது, முழங்கால் வலி குறைந்தது. பேலியோ ஏமாற்று வேலை என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

ஆனால் அதை என்னால் தொடர முடியவில்லை. பாதாமுக்கு மட்டும் மாதம் 2,500 ரூபாய்க்கு மேல் ஆனது. வீட்டில் இரண்டு சமையல், எனக்கு ஒன்று, மற்றவர்களுக்கு ஒன்று. கல்யாண வீட்டுப் பந்தியில் இலையில் பொரியலை மட்டும் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தால் பரிமாறுகிறவர் மனது கஷ்டப்படும். எங்கள் அத்தை, வீட்டுக்காரரின் அம்மா, ஒரு நாள் கேட்டார்: "எண்ணி எண்ணித் திங்கறயே கண்ணு, இத எத்தன வருசத்துக்கு எண்ணுவே?" பதில் சொல்லாமல் எழுந்து போனேன். 2017-இல் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து கோவையில் ஓர் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கூட இருந்தேன். கேன்டீனில் பொங்கல், வடை, டீ, பன். அந்த ஒன்பது நாளில் டயட் முடிந்தது. ஒன்றரை வருடத்தில் 76 கிலோ, ஆரம்பித்ததைவிட இரண்டு கிலோ கூடுதல்.

மளிகைப் பில்லைப் பிரித்த அன்று இந்தப் பேலியோ நாட்களும் நினைவுக்கு வந்தன. பேலியோவில் விலக்கியவை இரண்டு வகை. சர்க்கரை, பேக்கரி, பிஸ்கட், கூல்டிரிங்க்ஸ், நூடுல்ஸ், மிக்சர் ஒரு வகை. சோறு, கோதுமை, பருப்பு, பழம் இன்னொரு வகை. எதை விட்டதால் எவ்வளவு பலன் என்று அப்போது நான் பிரித்துப் பார்க்கவில்லை. பெருமையெல்லாம் சோற்றை விட்டதற்கே என்று நம்பினேன். அதனால் சோறு திரும்பி வந்த அன்றைக்கே, இனி எல்லாம் போச்சு என்று பிஸ்கட்டும் பஃப்ஸும் கூடவே வந்துவிட்டன. சோறு வந்தது வந்ததாக இருக்கட்டும், பஃப்ஸ் ஏன் வர வேண்டும் என்று அன்றைக்கு நான் கேட்டிருந்தால் அந்த 13 கிலோவில் பாதியாவது ஏறாமல் இருந்திருக்கும் என்று இன்றும் தோன்றுகிறது.

அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டோஃபர் கார்ட்னர் குழுவினர் 609 பேரை வைத்து ஒரு வருடம் நடத்திய ஆய்வு 2018-இல் வந்தது. பாதிப் பேருக்கு மாவுச்சத்தைக் குறைக்கும் உணவு, மீதிப் பேருக்குக் கொழுப்பைக் குறைக்கும் உணவு. வருட முடிவில் முதல் குழு சராசரியாக 6 கிலோவும் இரண்டாவது குழு 5.3 கிலோவும் குறைந்திருந்தது. பொருட்படுத்தத் தக்க வித்தியாசம் இல்லை. என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொன்று. இரண்டு குழுவுக்கும் பொதுவாகச் சொல்லியிருந்தார்கள்: சேர்த்த சர்க்கரையும் மைதாவும் தொழிற்சாலைப் பதார்த்தங்களும் வேண்டாம், காய்கறியைக் கூட்டுங்கள், முடிந்தவரை வீட்டில் சமையுங்கள். கொழுப்பா மாவுச்சத்தா என்று நாம் அடித்துக்கொண்டிருக்க, இரு தரப்புக்கும் பொதுவான அந்த வேலை பேச்சில்லாமல் நடந்திருக்கிறது. சராசரிக்கு அடியில் இன்னொரு உண்மையும் இருக்கிறது. ஒவ்வொரு குழுவிலும் இருபது கிலோவுக்கு மேல் குறைந்தவர்களும் உண்டு, எடை கூடியவர்களும் உண்டு. ஒருவருக்குப் பேலியோ பத்து வருடம் சுகமாக நடக்கலாம். நடக்கிறவரை நிறுத்தச் சொல்ல எனக்கு எந்த நியாயமும் இல்லை.

பாக்கெட் சாமானைக் குறைக்கப் போகிறேன் என்றதும் அத்தை கேட்டது நல்ல கேள்வி: "அப்ப வடகம், ஊறுகா, கருவாடெல்லாம்?" அவையும் பதப்படுத்தியவைதானே. இட்லி மாவு, தயிர், செக்கில் ஆட்டிய எண்ணெய், பாக்கெட் பால் எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் பதப்படுத்தியவைதான். பிரேசிலில் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்லோஸ் மோண்டெய்ரோ 2009-இல் இதற்கு ஒரு வழி சொன்னார். அதைப் பிறகு விரித்து உணவை நான்கு வகையாகப் பிரித்தார்: இயற்கையாகவோ லேசாகப் பக்குவப்படுத்தியோ கிடைப்பது முதலாவது; எண்ணெய், உப்பு, சர்க்கரை போலச் சமையலுக்குச் சேர்ப்பது இரண்டாவது; இவை இரண்டும் சேர்ந்த ஊறுகாய், பாலாடைக்கட்டி மாதிரியானது மூன்றாவது; நான்காவது, வீட்டு அடுப்படியில் இல்லாத பொருள்களைக் கொண்டு தொழிற்சாலை உருவாக்குவது. கவலைப்பட வேண்டியது இந்த நான்காவது வகையைப் பற்றி. ஊறுகாயில் உப்பு அதிகம், அதற்கு அளவு வேண்டும். ஆனால் அதை யாரும் ஒரு பாட்டில் காலி செய்வதில்லை. சிப்ஸ் பாக்கெட்டைத் திறந்தால் காலியாகும்வரை கை நிற்காது.

கை ஏன் நிற்பதில்லை என்பதற்கும் ஓர் ஆய்வு இருக்கிறது. என் மனச்சுமையைக் குறைத்தது அதுதான். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 20 பேரை ஒரு மாதம் அங்கேயே தங்கவைத்தார். இரண்டு வாரம் தொழிற்சாலை உணவு, இரண்டு வாரம் சமைத்த எளிய உணவு. தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, உப்பு இரண்டிலும் ஒரே அளவு. வேண்டுமட்டும் சாப்பிடுங்கள் என்று விட்டுவிட்டார்கள். தொழிற்சாலை உணவு கிடைத்த வாரங்களில் ஒவ்வொருவரும் சராசரியாக நாளுக்கு 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள். அந்த இரண்டு வாரத்தில் எடை 0.9 கிலோ கூடியது, மற்ற இரண்டு வாரத்தில் 0.9 கிலோ குறைந்தது. 2019-இல் வெளியான இந்த ஆய்வு சிறியது, குறுகிய காலம் நடந்தது. இதை வைத்து எல்லாவற்றையும் முடிவு செய்ய முடியாது. ஆனாலும் 500 கலோரி என்பது ஏறத்தாழ நூறு கிராம் பிஸ்கட். என் இழுப்பறையில் இருந்த பாக்கெட்டின் அளவு அது.

சரி, என்ன செய்தேன் என்பதற்கு வருகிறேன்.

வீட்டில் யாரையும் எதையும் தின்னக் கூடாது என்று சொல்லவில்லை. வாங்கிக் கொண்டுவந்து வைப்பதை நிறுத்தினோம். மகளுக்குச் சிப்ஸ் வேண்டுமானால் கடைக்கு நடந்து போய் ஒரு பாக்கெட் வாங்கித் தின்னலாம், அலமாரியில் இருக்காது. இந்த ஒரு மாற்றமே பாதி வேலையைச் செய்தது. இரவு ஒன்பது மணிக்குச் சீரியல் பார்த்துக்கொண்டே மிக்சர் தின்பது எனக்குப் பசியால் வந்ததே இல்லை, டப்பா கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் வந்தது.

சாயங்காலம் நாலு மணிதான் என்னைப் படுத்தியது. பனியன் கம்பெனிகளில் பதினொன்றுக்கும் நாலுக்கும் டீ வரும். கூடவே பஃப்ஸ், தேங்காய் பன், கேக். முதல் இரண்டு வாரம் தலைவலியும் எரிச்சலுமாக இருந்தேன். அத்தைதான் காரணத்தைக் கண்டுபிடித்தார்: "மத்தியானம் கோழி கொத்தறாப்புல உண்டுபோட்டு போறே. சாயந்தரம் பன்னு கேக்காம என்ன பண்ணும்?" டயட் வருடங்களில் படிந்த பயத்தால் மதியம் டப்பாவில் இரண்டு கரண்டி சோறும் கொஞ்சம் ரசமும் மட்டுமே கொண்டுபோய்க்கொண்டிருந்தேன். நாலு மணிப் பசிக்கு மருந்து ஒரு மணிச் சாப்பாட்டில் இருந்தது. கொள்ளுப் பருப்பு, பச்சைப்பயறு கடைசல், ஒரு முட்டை, இரண்டு பங்கு பொரியல் என்று டப்பாவைக் கனமாக்கினேன். நாலு மணிக்கு வேகவைத்த கடலைக்காய், சுண்டல், கொய்யா, ஏதாவது ஒன்று. ஒரு மாதத்தில் பஃப்ஸ் தட்டு மேசையைக் கடந்து போனாலும் மனது அதன் பின்னால் போகவில்லை. டீயில் சர்க்கரையை ஒரேயடியாக விடவில்லை. இரண்டு ஸ்பூனிலிருந்து அரை ஸ்பூனுக்கு வர எட்டு மாதம் எடுத்தது.

லேபிள் படிக்கக் கற்றுக்கொண்டது பெரிய உதவி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆரும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024-இல் வெளியிட்ட 17 அறிவுரைகளில் கடைசி அறிவுரையே லேபிளைப் படிக்கச் சொல்வதுதான். சேர்மானப் பட்டியலில் எடை அதிகமுள்ள பொருள் முதலில் வர வேண்டும் என்பது விதி. 2023-ஐ ஐ.நா. சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு கடையெங்கும் ராகி, கம்பு, தினை என்று எழுதிய பாக்கெட்டுகள். நான் எடுத்துப் பார்த்த ஒரு ராகி பிஸ்கட்டில் முதலில் மைதா, பிறகு சர்க்கரை, பிறகு பாமாயில். ராகி 12 சதவீதம். சர்க்கரை வேறு பெயர்களிலும் வரும்: இன்வெர்ட் சிரப், லிக்விட் குளுக்கோஸ், டெக்ஸ்ட்ரோஸ். அதே போல மாவுச்சத்திலிருந்து எடுக்கும் மால்டோடெக்ஸ்ட்ரின். பாக்கெட்டின் முன்பக்கத்தை நான் இப்போது பார்ப்பதே இல்லை. திருப்பிப் பார்த்து, பட்டியலில் என் சமையலறையில் இல்லாத பெயர்கள் மூன்று நான்கு இருந்தால் வைத்துவிடுவேன். உறையவைத்த பட்டாணியில் பட்டாணி மட்டும்தான் இருக்கும், அதை வாங்குவேன். தெருமுனை மாவு மில்லில் இட்லி மாவும் வாங்குவேன்.

இதில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத விஷயம், வேலை. பாக்கெட்டை விடு என்றால், வீட்டில் ஒருத்தி இன்னும் ஒரு மணி நேரம் அடுப்படியில் நில் என்று அர்த்தமாகிவிடுகிறது. எட்டு மணிக்கு ஷிப்மென்ட் முடித்துவிட்டு வருகிற பெண்ணிடம் நூடுல்ஸ் கெடுதல் என்று பேசுவது சுலபம். என் வீட்டில் மூன்றாவது வாரமே நான் களைத்துவிட்டேன். வீட்டுக்காரரிடம் நேரடியாகச் சொன்னேன்: "ஏனுங்க, இது என் ஒருத்திக்கான டயட் இல்லீங்க. பங்கு போட்டுக்கிட்டாத்தான் நடக்கும்." அவர் ஞாயிறு காலை ஆறு மணிக்கு உழவர் சந்தை போய்க் காய் வாங்கி வந்து, அன்றே பீன்ஸ், கேரட், அவரையை நறுக்கி டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைப்பார். இரவில் கொள்ளோ பயறோ ஊறப்போடுவது மகள். அவசர நாளுக்கு அரிசிம்பருப்புச் சாதம். குக்கரில் இருபது நிமிடம், கொங்கு நாட்டில் பிறந்த யாருக்கும் செய்முறை சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பங்கு இல்லாத வீட்டில் இந்த வழி ஒரு மாதம்கூடத் தாங்காது என்றே நினைக்கிறேன். பணமும் மிச்சமாகவில்லை. பாக்கெட் செலவு மாதம் 300 ரூபாய்க்கு இறங்கியது. அந்தப் பணம் காய்க்கும் முட்டைக்கும் கடலைக்கும் போனது.

ஏழு மாதத்தில் 76-லிருந்து 72-க்கு வந்தேன். அங்கேயே ஒரு வருடம் நின்றது. பாக்கெட்டை விட்டால் போதும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தது பாதிதான் சரி. நாட்டுச்சர்க்கரையும் சர்க்கரைதான். வீட்டில் சுட்ட முறுக்கும் எண்ணெயில் வெந்ததுதான். நம் தட்டில் சோறு மலையாகவும் காய் தொட்டுக்கொள்ளவும் இருக்கிறது. இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் ஏறத்தாழ 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று ஐசிஎம்ஆர் நாடு முழுவதும் நடத்திய இண்டியாப் ஆய்வு சொல்கிறது. சோற்றை இரவில் ஒரு கரண்டியாகக் குறைத்து, தட்டில் பாதியைக் காய்க்கும் கீரைக்கும் கொடுத்து, சாப்பிட்டபின் தெருவில் இருபது நிமிடம் நடக்க ஆரம்பித்தோம். இப்போது 69 கிலோ. எச்பிஏ1சி 2021-இல் 6.3, கடைசியாகப் பார்த்தபோது 5.7. அது இன்னும் எல்லைக்கோடுதான்; 5.7-லிருந்து 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்கிறார்கள். பேலியோவில் ஐந்து மாதத்தில் 11 கிலோ போனது, இதில் நான்கு வருடத்தில் 7 கிலோ. ஆனால் இந்த ஏழு திரும்பி வரவில்லை. நடுவில் இரண்டு கல்யாணம், ஒரு கோவிட், அப்பாவின் கருமாதி எல்லாம் வந்து போயின.

சர்க்கரைக்கு மாத்திரை எடுப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2016-இல் எங்களோடு பேலியோ ஆரம்பித்த ஏழு பேரில் கட்டிங் செக்‌ஷன் அண்ணன் ஒருவர் டாக்டரிடம் சொல்லாமலே சோற்றை நிறுத்திவிட்டார். மாத்திரையைப் பழைய அளவில் போட்டுக்கொண்டிருந்தார். ஆறாம் நாள் வியர்த்துக் கொட்டி மயங்கி விழுந்தார். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையும் இன்சுலினும் எடுத்துக்கொண்டு மாவுச்சத்தைத் திடீரென்று குறைத்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கும். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவர்கள் மாவுச்சத்தை அறவே விட்டால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறும் அபாயம் உண்டு. மருந்தின் அளவை டாக்டர் மாற்றிக் கொடுத்த பிறகு ஆரம்பியுங்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் இதில் சொந்தமாக இறங்கவே கூடாது.

மகள் இந்த வருடம் கோவையில் கல்லூரி சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். அங்கே அடுப்பில்லை, உழவர் சந்தை இல்லை, அப்பா நறுக்கி வைத்த பீன்ஸ் இல்லை. பொட்டுக்கடலை ஒரு கிலோ, வறுத்த நிலக்கடலை, கொஞ்சம் எள்ளுருண்டை கொடுத்தனுப்பினோம். இரண்டாம் வாரம் போன் செய்தாள். "அம்மா, மெஸ்ல வாரத்துல மூணு நாள் பிரெட், ஜாம். பதினோரு மணிக்கே பசிக்குது, கேன்டீன்ல பஃப்ஸ் தவிர எதுவும் இல்ல. என்ன பண்ணட்டும்?" முட்டை கிடைக்குமா என்று கேட்டேன். தனியாகக் காசு கொடுத்தால் கிடைக்கும், ஒன்று பத்து ரூபாய் என்றாள். அந்த மூன்று நாளும் இரண்டு முட்டையும் ஒரு வாழைப்பழமும் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். மாதம் 350 ரூபாய் தனியாக அனுப்புகிறேன். வீட்டுக் கணக்கு நோட்டில் அதற்கு ஒரு தலைப்பு போட்டிருக்கிறேன்.